நாற்பது மூடி

காற்று எழும்புவதற்குள் வயலுக்கு மருந்தடித்து முடித்துவிட வேண்டும் என்பதுதான் அந்த வீட்டில் காலை நேரத்துச் சட்டம். டீ குடிப்பது, தலை வாருவது, சண்டை போடுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். இருட்டு பிரியும்போதே லோடு வண்டியில் தும்பியை ஏற்றிவிடுவார்கள். பெட்டியில் ட்ரோன் என்றுதான் எழுதியிருந்தது. ஆறு கைகளை விரித்துக்கொண்டு பயிருக்கு மேல் அது மிதந்து போனதை முதல் நாள் பார்த்த யாரோ தும்பி என்று சொல்லப்போக, அதுவே பெயராகிவிட்டது.

தும்பியை ஓட்டுவது அம்மா. பத்து நாள் பயிற்சிக்குப் போய், பரீட்சை எழுதி, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு அட்டையோடு திரும்பி வந்தவள். அன்றிலிருந்து எல்லோருக்கும் பைலட்டம்மா. அப்பாவுக்கு அதற்கு முன்பே பெயர் இருந்தது. டேங்க்கு. இருபது வருஷம் முதுகில் மருந்து டேங்க்கை மாட்டிக்கொண்டு அடுத்தவர் வயலுக்கெல்லாம் அடித்துக் கொடுத்த ஆள். "டேங்க்கு வீட்ல பைலட்டு மொளச்சிருக்கு பாரு" என்று டீக்கடையில் சிரிப்பார்கள். "உங்க வீட்ல எது பறக்குது? பாத்திரந்தானே?" என்று அவரும் விட மாட்டார்.

இப்போது அவர் வேலை பாட்டரி தூக்குவது, தண்ணீர் சுமப்பது, தும்பி இறங்குகிற இடத்தில் ஆள் வராமல் பார்த்துக்கொள்வது. முதுகு வலி போயிருந்தது. ராத்திரி கண் எரியாமல் தூங்கினார். பழைய வேலையை நினைத்து அவர் ஒரு நாளும் ஏங்கியதில்லை.

மருந்து கலப்பது பொடிசு. பதினாறு வயதாகியும் வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். லீவு விட்டதிலிருந்து கலவை அவள் பொறுப்பு. எந்தப் பயிர், எந்தப் புழு, எத்தனை ஏக்கர் என்று போனில் தட்டினால் அதுவே கணக்குச் சொல்லும். தும்பிக்கு ஏக்கருக்குப் பத்தே லிட்டர் தண்ணீர். அதில் பாட்டில் மூடியால் இருபத்தைந்து மூடி மருந்து. முதுகு டேங்க்கில் அடிப்பதாக இருந்தால் அதே மருந்தை இருநூறு லிட்டரில் கரைக்க வேண்டும். அதாவது பதினாறு லிட்டர் டேங்க்குக்கு இரண்டு மூடி. தும்பியின் கலவை இருபது மடங்கு கெட்டி. மேலே பறந்து பனி மாதிரி தூவுகிற இயந்திரத்துக்கு அது சரி. கீழே மனிதர் யாரும் நிற்கப் போவதில்லை என்பதுதான் அந்தக் கணக்கின் ஆதாரமே.

அன்று மில்காரர் வயல். ஆள் உயரத்தைத் தாண்டிவிட்ட மக்காச்சோளம். மூன்று ஏக்கர் முடிந்து, கடைசி இரண்டு ஏக்கருக்காக இருபது லிட்டர் கேனில் பொடிசு கலந்து வைத்திருந்தாள். அம்மாவின் கையில் காற்றளவு காட்டும் ரிமோட் கீச்சுக் கீச்சென்று கத்தியது.

"ஆச்சு. காத்து செவப்புக்கு வந்துருச்சு," என்று தும்பியை இறக்கினாள்.

"இன்னும் ரெண்டு ஏக்கர்தானேம்மா. டபுக்குனு முடிச்சிரலாம்," என்றார் அப்பா.

"காத்துல அடிச்சா மருந்து பூராவும் பக்கத்து வயலுக்குப் போகும். அந்தாளு வேட்டிய மடிச்சிக்கிட்டு வருவான். நீங்க பதில் சொல்வீங்களா?"

"நான் எதுக்குச் சொல்றேன்? அட்டைய மாட்டிக்கிட்டிருக்கறது நீதானே?"

"அது ஞாபகம் இருந்தா சரி." அம்மா கேனைத் தட்டிக் காட்டினாள். "இதை மூடி வைங்க. சாயங்காலம் காத்து அடங்கினதும் தும்பியே அடிச்சிரும். அதுவரைக்கும் யாரும் கை வெக்கக்கூடாது. பொடிசு, கேட்டுச்சா?"

"ம்."

"ம்முன்னா?"

"கேட்டுச்சும்மா."

அம்மா தும்பியோடு வண்டியில் ஏறிக்கொண்டாள். சித்தப்பா வண்டியை எடுத்தார். பாட்டரி எல்லாம் வீட்டுக்குப் போய்ச் சார்ஜ் ஏற வேண்டும். அப்பாவையும் பொடிசையும் பதினோரு மணிக்கு வந்து கூட்டிப் போவதாகப் பேச்சு.

வண்டியின் புழுதி அடங்கும் வரை அப்பா சும்மா நின்றார். பிறகு மோட்டார் ரூமுக்குள் போய் மில்காரரின் பழைய முதுகு டேங்க் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"எதுக்குப்பா அது?"

"ஓரத்துக்கு."

வயலின் மேற்கு ஓரத்தில் கரண்ட் கம்பி போகிறது. அதன் கீழே வரிசையாக மரங்கள். தும்பி அந்தப் பக்கம் ஏழெட்டு வரிசையைத் தொடாமல் திரும்பிவிடும். முந்தின நாள்தான் மில்காரர் நாலு பேர் முன்னால் கத்தியிருந்தார்: "போன தடவ அடிச்சதுல நடுவுல சுத்தமா இருக்கு. ஓரத்துல புழு பந்தி போட்டு உக்காந்திருக்கு. உன் பொண்டாட்டி மெஷினுக்கு ஒரு கண்ணு பொட்டையா?"

"சாயங்காலம் அவன் மறுபடி வந்து நிப்பான்," என்றார் அப்பா. மூன்று நாளாகச் சளி. குரல் மூக்கிலிருந்து வந்தது. "ஓரத்தையும் முடிச்சி வெச்சிட்டா உங்கம்மாவ எவனும் ஒரு சொல்லு சொல்ல முடியாது. அந்தக் கேன்லேருந்து நாலு லிட்டர் இதுல ஊத்து. மிச்சத்துக்கு வாய்க்கால் தண்ணி மொண்டு ரொப்பு. நான் குழாய அடைப்பு எடுக்கறேன்."

"அம்மா தொடக்கூடாதுன்னு..."

"அம்மாவுக்கு நல்லதுக்குத்தானே செய்யறோம்? கேட்டா கேன் சாஞ்சிருச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். நீ வாயத் திறக்காத. என்ன?"

"சரிப்பா."

வாய்க்கால் வயலின் அந்தக் கோடியில் இருந்தது. பன்னிரண்டு லிட்டர் என்றால் இரண்டு வாளி. அப்பாவுக்குச் சளி என்று விடியற்காலையிலிருந்து ஐம்பது லிட்டர் சுமந்தவளுக்கு விரல் மடக்கினால் வலித்தது. கேன் காலடியில் இருந்தது. நாலு லிட்டர் ஊற்றினாள். வாய்க்காலைப் பார்த்தாள். வெயில் வரப்பின் மேல் நெளிந்தது. கலந்த மருந்துதானே, அதற்கு மேலே என்ன கலக்கல், கெட்டியாக இருந்தால் புழு சீக்கிரம் சாகும், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டாள். கேனைச் சாய்த்து டேங்க்கின் கழுத்து வரை ஊற்றினாள். இருபத்தைந்து, இருபத்தைந்து என்று ஐம்பது மூடியை அவள்தான் எண்ணி ஊற்றியிருந்தாள். அதில் நாற்பது மூடி இப்போது டேங்க்கில் இருந்தது. அந்தப் பெருக்கலை அவள் அப்போது போடவில்லை. கேனை மூடி அதன் மேல் ஒரு சாக்கைப் போட்டு மறைத்தாள்.

"தண்ணி ரொப்பிட்டியா?"

"ரொப்பிட்டேன்ப்பா."

டேங்க் எப்போதும்போல் கனத்தது. நிறமும் எப்போதும்போல் பால் வெள்ளை. மூக்கு அடைத்திருந்ததால் நெடி அவருக்குத் தெரியவில்லை. துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு சோளத்துக்குள் நுழைந்தார். ஆளை விட உயர்ந்த பயிருக்குக் குழாயைத் தலைக்கு மேலே தூக்கித்தான் அடிக்க வேண்டும். மேலே போனதில் பாதி திரும்பி அவர் மேலேயே இறங்கியது. டேங்க்கின் மூடிக்குள் வாஷர் தேய்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு மடக்கு தளும்பி முதுகில் வழிந்தது. வெளியே வந்தபோது சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"நுரை ஜாஸ்தியா இருக்கே இன்னிக்கு," என்றார்.

பொடிசு கேன் மேல் கிடந்த சாக்கை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய முதல் இடம் அது.

வாய்க்காலில் கை கழுவிவிட்டு மோட்டார் ரூம் நிழலில் சாப்பிட உட்கார்ந்தார்கள். சோறும் வேகவைத்த முட்டையும். இரண்டு வாய்க்கு மேல் அவருக்கு இறங்கவில்லை.

"என்னமோ பெரட்டுது. நீ சாப்பிடு."

"வெயிலாப்பா?"

"வெயில்தான்." துப்பினார். மறுபடி வாயில் ஊறியது. மறுபடி துப்பினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. துண்டால் துடைத்தார். அந்தத் துண்டும் நனைந்த துண்டு.

சித்தப்பா வண்டியோடு வந்தபோது அப்பா சுவரில் சாய்ந்திருந்தார். எச்சில் நூலாக நெஞ்சில் இறங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே! என்னண்ணே இது, கொழந்த மாதிரி?"

"ஒண்ணுமில்லடா. தல சுத்துது." எழுந்தவர் இரண்டு எட்டில் மடங்கி உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

வீட்டுக்குப் போகாமல் நேரே சுகாதார நிலையத்துக்கு விட்டார்கள். அம்மா போனைக் கேட்டு அவர்களுக்கு முன்பே வந்து வாசலில் நின்றாள்.

நிலையம் என்றால் இரண்டு அறை. ஒன்றில் கட்டில், இன்னொன்றில் மருந்து அலமாரி. டாக்டர் கிடையாது. சக்கரம் வைத்த கம்பத்தில் ஒரு திரை உண்டு. டாக்டர் அதில் வருவார். விரலில் கிளிப், கையில் பட்டை, நெற்றிக்கு ஒரு கருவி. எல்லாம் திரைக்குத் தானே தகவல் சொல்லும். அதற்கு முன் அது வரிசையாகக் கேள்வி கேட்கும். நர்ஸக்கா ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வருவாள்.

"சக்கரை இருக்கா?"

"இல்ல."

"குடிப்பாரா?"

"எப்பவாச்சும். இன்னிக்கு இல்ல," என்றாள் அம்மா.

"வெயில்ல ஒரு மணி நேரத்துக்கு மேல?"

"காலையிலேருந்து வயல்லதான்."

"பூச்சிமருந்து உடம்புல பட்டுதா?"

பொடிசு கதவோரம் நின்றாள். வாய் திறந்தது. அப்பா கட்டிலிலிருந்து அவளைப் பார்த்தார். தலையை லேசாக, இல்லை என்பதுபோல் அசைத்தார். அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்பது அவர் காப்பாற்றிய ரகசியம். அது வெறும் நாலு லிட்டர் ரகசியம். அவளிடம் இருந்தது வேறு. அது அவருக்கே தெரியாது.

"எங்க வீட்ல இப்ப யாரு கையால அடிக்கறா?" என்றாள் அம்மா. "ரெண்டு வருஷமா தும்பிதான். அவரு பக்கத்துலயே போறதில்ல."

"வாடை அடிக்குதேக்கா."

"எங்க மேல எப்பத்தான் அடிக்கல? என் தலகாணி கூட அந்த வாடைதான்."

"அதுவும் சரிதான்," என்று நர்ஸக்கா சிரித்தாள். திரையில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. அவள் விரல் 'இல்லை' மேல் இறங்கியதைப் பொடிசு பார்த்தாள். கேள்வி மறைந்து அடுத்த கேள்வி வந்தது. அந்தக் கேள்வி இனி வராது என்று அவளுக்குத் தெரிந்தது.

கடைசியில் திரை மஞ்சளாகி, வெப்பத் தாக்கமாக இருக்கலாம் என்று எழுதியது. பிறகு டாக்டர் வந்தார். காதில் கருவி மாட்டிய இளம்பெண். எங்கோ இருந்துகொண்டு நாலைந்து நிலையங்களைப் பார்க்கிறவர்.

"சட்டையெல்லாம் இப்படி நனைஞ்சிருக்கே?"

"வேர்வை டாக்டர். வந்ததுலேருந்து ஊத்துது," என்றாள் நர்ஸக்கா.

"சலைன் ஏத்துங்க சிஸ்டர். ஈரத்துணி போடுங்க." டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். "நாடி நாப்பத்தெட்டா காட்டுதே? வெயில்ல விழுந்தவருக்கு ஏறித்தானே இருக்கணும்? கிளிப்ப மாத்திப் பாருங்க."

"மாத்திட்டேன். அதேதான் காட்டுது."

"சரி, அஞ்சு நிமிஷம் பாருங்க. வேறொரு சென்டர்ல பிரசவம் ஒண்ணு நிக்குது. லைன்லயே இருக்கேன்."

நர்ஸக்கா சலைன் எடுக்க அலமாரி அறைக்குப் போனாள். அம்மா, "எதுக்கும் ஆம்புலன்ஸ் சொல்லி வைப்போம்," என்று சித்தப்பாவோடு வெளியே போனாள். அறையில் அப்பாவும் பொடிசும் திரையும் மட்டும்.

அப்பாவின் கன்னத்தில் தோலுக்கு அடியில் எதுவோ துடித்தது. புழு ஓடுகிற மாதிரி. பிறகு கண்ணிமை. பிறகு தோள். மூச்சு இழுக்கும்போது உள்ளே கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. இந்த நிமிஷம் சொன்னால் அம்மா கொல்லுவாள். சொல்லாவிட்டால்... அதற்கு மேல் அவள் மனசு போகவில்லை. போகப் பயந்து அங்கேயே நின்றது.

திரையில் டாக்டரின் முகம் தெரிந்தது. அவள் அதன் அருகில் போனாள்.

"டாக்டர். எங்கப்பா மருந்து அடிச்சாரு. கையால. ஓரத்துக்கு. ட்ரோனுக்குக் கலந்த மருந்து. தண்ணி கலக்கச் சொன்னாரு, நான் கலக்கல. கலந்துட்டேன்னு பொய் சொன்னேன். முதுகெல்லாம் ஊத்திருச்சு. அது வேர்வை இல்ல. நான்தான் டாக்டர். எங்கம்மாகிட்ட சொல்லாதீங்க, ஆனா ஏதாச்சும் பண்ணுங்க."

சொல்லி முடித்தபோது நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கியது. டாக்டர் வாயைப் பாதி திறந்தபடி அவளையே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இமைக்கவில்லை. காதோரம் விழுந்த முடி அசையவில்லை. கீழே சின்ன எழுத்தில் ஓடியது: இணைப்பு இல்லை, காத்திருக்கவும்.

எப்போது போனது லைன்? எந்தச் சொல்லில்? ஒரு சொல்கூடப் போய்ச் சேரவில்லை. அவள் ஒரு படத்திடம் பேசியிருந்தாள்.

நர்ஸக்கா பாட்டிலோடு வந்தாள். அம்மா வந்தாள். "ஆம்புலன்ஸ் இருவது நிமிஷம்ங்கறான்," என்றார் சித்தப்பா. திரை ஒருமுறை கறுத்து, டாக்டர் உயிரோடு வந்தார்.

"சாரி சிஸ்டர், லைன் போயிருச்சு. எப்படி இருக்காரு?"

இப்போது அம்மா பக்கத்திலேயே நின்றாள். அவள் புடவை பொடிசின் கையில் உரசியது. முதல் தடவை சொன்னதை விட இது பத்து மடங்கு பெரிய மலை. சொன்னதை மறுபடி சொல்வது இவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியாது.

"டாக்டர்," என்றாள். குரல் வரவில்லை. "டாக்டர்!" இந்தத் தடவை கத்தலாக வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். "அப்பா கையால மருந்து அடிச்சாரு. ட்ரோன் மருந்து. தண்ணியே ஊத்தல. பதினாறு லிட்டர். நான் பொய் சொல்லிட்டேன்."

"என்னடி ஒளர்ற?" என்றாள் அம்மா.

"ஓரத்துக்கும்மா. நீ போனப்புறம். அப்பா நாலு லிட்டர்தான் சொன்னாரு. நான் டேங்க் பூராவும் அதையே ஊத்திட்டேன். முதுகுல இருக்கறது வேர்வை இல்லம்மா. மருந்து."

அம்மாவின் கை எழுந்தது. அடிக்கத்தான் எழுந்தது. பாதியில் அது அப்பாவின் சட்டைக் காலருக்குப் போனது. இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்தாள். பட்டன்கள் தரையில் உருண்டன.

"மருந்து பேரு?" டாக்டரின் குரல் மாறியிருந்தது. சித்தப்பா வண்டிக்கு ஓடிப் பாட்டிலைக் கொண்டுவந்து திரைக்கு முன் நீட்டினார். "இன்னும் தள்ளிப் பிடிங்க. ஆடாதீங்க. ஆ, சரி. சிஸ்டர், டார்ச் அடிச்சுக் கண்ணு நடுவுல கறுப்பைப் பாருங்க."

"ஊசி குத்துன மாதிரி சுருங்கி இருக்கு டாக்டர்." நர்ஸக்காவின் முகம் வெளிறியது. "நான் இல்லைன்னு தட்டிட்டேனே..."

"அதை அப்புறம் பேசலாம். அட்ரோபின் ஊசி எத்தன இருக்கு?"

"பதினஞ்சு."

"மூணு இப்பவே போடுங்க. அஞ்சு நிமிஷத்துல பாத்துட்டு அப்படியே ரெண்டு மடங்கு. எல்லாரும் கையுறை போட்டுக்கிட்டு அவரைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. தலைமுடி, காது, நகம், எல்லாம். அந்தத் துணிய வெளிய போடுங்க."

அம்மாதான் கழுவினாள். சித்தப்பா வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்ற, கட்டிலிலேயே வைத்து முதுகைத் தேய்த்தாள். "ஓரமாம் ஓரம்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "மில்காரன் நாலு வார்த்த பேசினா என் காது என்ன அறுந்தா விழும்? இத்தன வருஷம் கூட இருந்தும் என் காதப் பத்தித் தெரியாதா உங்களுக்கு?" அவர் வாயோரம் நுரை கட்டியது. நர்ஸக்கா குழாய் வைத்து உறிஞ்சினாள்.

"அந்தப் பொண்ணும் ஊத்தினாளே. அவ கையைக் கழுவினாளா?" என்று திரை கேட்டது.

அம்மா திரும்பிப் பார்த்தாள். அதுவரை பார்க்கவில்லை. "வா இங்க." மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, முழங்கை வரை சோப்புப் போட்டு, தோல் எரியத் தேய்த்தாள். நர்ஸக்கா அவள் கண்ணிலும் டார்ச் அடித்துப் பார்த்து, "இவளுக்கு ஒண்ணுமில்ல," என்றாள்.

"எத்தன மூடி?" அம்மா குனிந்தபடியே கேட்டாள்.

"பத்து லிட்டருக்கு இருபத்தஞ்சு..."

"அந்த டேங்க்குல எத்தன மூடின்னு கேட்டேன்."

"நாப்பது."

"டேங்க்குக்கு ரெண்டு மூடி போட வேண்டியது," என்று அம்மா திரையைப் பார்த்துச் சொன்னாள், வாடிக்கைக்காரரிடம் பேசுகிற குரலில். "நாப்பது போயிருக்கு டாக்டர். இருபது மடங்கு. முக்கா மணி நேரம் அடிச்சிருப்பாரு, அதுக்கப்புறம் ஒண்ணரை மணி நேரம் நனைஞ்ச சட்டையோட." பிறகு தண்ணீரை மொண்டு பொடிசின் கையில் ஊற்றினாள். குரல் இறங்கியது. "அவரு சொன்ன மாதிரி நாலு லிட்டர் ஊத்தியிருந்தாலும் பத்து மூடிடி. அதுவே அஞ்சு மடங்கு. அவருக்கும் தெரியல, உனக்கும் தெரியல. எனக்குத் தெரியும். பத்து நாளு உக்காந்து படிச்சேன். தொடாதேன்னு சொன்னேனே தவிர, ஏன்னு யாருக்கும் சொல்லல."

பொடிசுக்கு அழுகை வந்தது. "இப்ப அழாத," என்றாள் அம்மா. "கண்ணத் தொடச்சிக்குவ. கையில இன்னும் இருக்கும்."

ஆம்புலன்ஸ் வந்தபோது ஒன்பது ஊசி போயிருந்தது. நர்ஸக்கா மிச்சத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினாள். கூட ஒருவருக்குத்தான் இடம். சித்தப்பா, "அண்ணி, ஏறுங்க," என்றார்.

அம்மா ஒரு காலைப் படியில் வைத்தாள். அப்படியே நின்றாள். வெயிலைப் பார்த்தாள். மணியைப் பார்த்தாள்.

"மில்காரன் வயல்ல தும்பி படாத அந்த ஓரத்துச் சோளத்தத்தானே பால்காரக்கா மாட்டுக்கு அறுப்பா?"

"ஆமா அண்ணி. மத்தியானம் வரும். பேரப்பையனும் கூட வருவான்."

"போன் எடுப்பாளா?"

"அதுகிட்ட ஏது போனு?"

"நீ போய்ச் சொல்ல முடியுமா? எந்த வரிசைன்னு தெரியுமா உனக்கு?"

சித்தப்பா உதட்டைப் பிதுக்கினார். அம்மா படியிலிருந்து காலை எடுத்தாள். "நாங்க அங்க போயிட்டுப் பின்னாலயே வர்றோம். பொடிசு, நீ ஏறு."

"நானா? அம்மா, நான் எப்படிம்மா..."

"அங்க மறுபடி கேப்பாங்க. என்ன மருந்து, எவ்ளோ, எப்பன்னு. கூட இருந்தது நீதான். கேட்டவங்க எல்லார்கிட்டயும் சொல்லு. எத்தன தடவ கேட்டாலும் சொல்லு." தன் போனை அவள் கையில் வைத்தாள். "சித்தப்பா போன்லேருந்து கூப்புடுவேன். போனை வெச்சிராத."

கதவு சாத்தப்பட்டது. சைரன் உள்ளே வேறு மாதிரி கேட்டது, வேறு யாருக்கோ ஊதுகிற மாதிரி. நர்ஸக்கா ஒரு கையால் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் டார்ச்சை நீட்டினாள்.

"எனக்குக் கை பத்தாது. நீ கண்ணைப் பாரு. நடுவுல கறுப்பு பெருசாகணும். பெருசானா மருந்து புடிக்குதுன்னு அர்த்தம். ஆகலைன்னா அடுத்த ஊசி போடணும். பாத்துச் சொல்லு."

"எவ்ளோ பெருசாகணும்கா?"

"இப்ப கடுகு இருக்கா? மிளகு அளவுக்கு வரணும்."

போன் அடித்தது. அம்மா. பின்னால் சோளத்தாள் உரசுகிற சத்தம், சித்தப்பாவின் கத்தல், ஏதோ மாட்டின் மணி.

"அக்கா, கீழ போடு அதை! போடுன்னா போடு! கட்டைப் பிரிக்காத, அப்படியே விடு! டேய், நீ வெளிய வா, கைய வாயில வெக்காத!" மூச்சு வாங்கியது. பிறகு காதருகே: "பொடிசு."

"அம்மா."

"பாத்துட்டேன். ஒரு கட்டு அறுத்துட்டா, மாட்டுக்குப் போடல. கையக் கழுவ வெச்சிக் கூட்டிட்டு வர்றோம். உங்கப்பா?"

"இருக்காரும்மா. மூச்சு விடறாரு."

"கண்ணு?"

பொடிசு இமையைத் தூக்கி டார்ச்சை அடித்தாள். வண்டி குலுங்கியது. வெளிச்சம் நெற்றிக்குப் போய்த் திரும்பி வந்தது. அப்பாவின் பழுப்புக் கண்ணுக்கு நடுவில் அந்தக் கறுப்புப் புள்ளி. பெரிதாகியிருக்கிறதா? பெரிதாகியிருக்கிற மாதிரிதான் இருந்தது. பெரிதாகியிருக்க வேண்டும் என்று அவள் உடம்பில் இருந்த ஒவ்வொரு நரம்பும் கேட்டது. மிளகு என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தப் பக்கம் அம்மா மூச்சு விடுவாள், நர்ஸக்கா ஒரு நிமிஷம் கையைத் தளர்த்துவாள்.

"என்னடி, பேச்சக் காணோம்? ஆயிருச்சா?"

அவள் இன்னும் குனிந்தாள். அப்பாவின் மூச்சு அவள் கன்னத்தில் பட்டது. இமைக்காமல் பார்த்தாள்.

"இல்லம்மா," என்றாள். "கடுகுதான். இன்னும் கடுகுதான்."

நர்ஸக்கா பல்லால் ஊசி உறையைக் கிழித்தாள்.

"சரி," என்றாள் அம்மா கடைசியில். "பாத்துக்கிட்டே இரு."